வீட்டில ரிவி அன்ரனா போட எவ்வளவு முடியும்?

கனபேர் கடையில அன்ரனா என்ன விலையெண்டு மட்டும் கேட்டுட்டு வருவினம், ஆனா காசு கூடப் போறது பைப்புக்கும் வயருக்கும் ஏறிப் பூட்டுற ஆளின்ர கூலிக்கும்தான். அதால முதல்ல பக்கத்து வீட்டுக் கூரையைப் பாருங்கோ, அவையின்ர அன்ரனா எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, எவ்வளவு உயரம், என்னென்ன சனல் தெளிவா வருது எண்டு கேட்டா உங்களுக்கு எவ்வளவு பைப் வேணும் எண்டு விளங்கும், சுத்திவர பனை தென்னை நிண்டா கொஞ்சம் உயர்த்தத்தான் வேணும்.

சனல் வாற அலைவரிசை ரெண்டு வகை, அதுக்கேத்த மாதிரி அன்ரனாவும் ரெண்டு வகை: நீளக் கம்பி வச்சது விஎச்எஃப், கட்டைக் கம்பி யூஎச்எஃப், நீங்கள் பாக்கிற சனலுக்கு எது தேவையோ அதை மட்டும் வாங்குங்கோ.

வயரில மட்டும் மிச்சம் பிடிக்காதேங்கோ. 75 ஓம் ஆர்ஜி6 எண்டுற அன்ரனா வயர் கேளுங்கோ, கூரையில இருந்து ரிவி வரைக்கும் கயிறு பிடிச்சு அளந்து ஒரே துண்டா வெட்டுவியுங்கோ, நடுவில முறுக்கி ஒட்டினா மழை தொடங்க தண்ணி இறங்கி படம் புள்ளி புள்ளியா வரும். காரைநகர், பருத்தித்துறை மாதிரிக் கடற்கரைப் பக்கமெண்டா கல்வனைஸ் (நாகம் பூசின) பைப்பும் துருப்பிடிக்காத நட்டும்தான் நிக்கும், உப்புக்காத்து சும்மா இரும்பைத் திண்டுடும்.

சிக்னலைக் கூட்டுற பூஸ்டரை உடன வாங்காதேங்கோ, அது இரைச்சலையும் சேர்த்துத்தான் கூட்டும், திசையைத் திருப்பிப் பாத்தும் சரிவராட்டி மட்டும் போடுங்கோ. கூலி பேசேக்க கிளாம்ப், ஆணி, கனெக்டர் எல்லாம் அதுக்குள்ளயோ எண்டு முதலே கேளுங்கோ. கரண்ட் வயருக்குக் கிட்ட பைப் நிமித்த விடவே வேண்டாம், விழுந்தாலும் வயரில முட்டாத தூரம் இருக்கோணும். ஐப்பசி கார்த்திகையில மின்னல் வெட்டத் தொடங்கமுதலே அன்ரனா வயரை ரிவியில இருந்து கழட்டி விடுங்கோ.