வடிகட்டியில் இறங்கியதைக் கொட்டாதீர்கள்: பாக்டீரியாமேல் வாழும் பாக்டீரியாவை வளர்ப்பது எப்படி?

சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முதல் தடவை இதைச் செய்தபோது, எதைத் தேடிக்கொண்டிருந்தேனோ அதையே சிங்க்கில் ஊற்றிவிட்டேன். 0.45 மைக்ரான் ஃபில்டரில் மேலே தங்கியதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, கீழே இறங்கிய தெளிந்த நீரைக் கொட்டிவிட்டேன். மேலே நிற்பது கிருமி, கீழே இறங்குவது சுத்தம் என்றே கை பழகியிருந்தது. இந்தக் குட்டிகள் விஷயத்தில் அது அப்படியே தலைகீழ்.

நாம் தேடுவது சாக்கரிபாக்டீரியா, பழைய பெயர் டிஎம்7. 1996-இல் ஜெர்மனியின் சதுப்புநில மண்ணில் வெறும் மரபணுத் தடயமாகத்தான் முதலில் தெரிந்தது. ‘கரிமண்ணின் நடு அடுக்கு’ என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள்தான் அந்த டிஎம். 2015-இல்தான் மனித வாயிலிருந்து டிஎம்7எக்ஸ் என்ற ரகத்தை அதன் ஓம்புயிரோடு (அது ஒட்டி வாழும் பெரிய பாக்டீரியா) சேர்த்து அமெரிக்காவில் வளர்த்துக் காட்டினார்கள். 200 முதல் 300 நானோமீட்டர் அளவே உள்ள உருண்டை. ஈ. கோலையின் மரபுத்தொகுதி சுமார் 46 லட்சம் எழுத்து என்றால் இதற்கு 7 லட்சம்தான், அதில் அமினோ அமிலம் தயாரிக்கிற வசதியே இல்லை. நம்மூர் மாந்தோப்பில் புல்லுருவி பார்த்திருப்பீர்கள், அது மரத்திடம் தண்ணீரையும் உப்பையும் வாங்கிக்கொண்டு சமையலைத் தன் பச்சை இலையில் தானே பார்த்துக்கொள்ளும். இதற்குச் சமைத்த சாப்பாடே வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. வாயிலிருந்து எடுக்கும் கிருமிகளோடு வேலை என்பதால் வீட்டுச் சமையலறையில் வேண்டவே வேண்டாம். ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் கருவி), பாதுகாப்பு அறை, பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆசிரியர், மூன்றும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஏற்காடு போய் ஏரித் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வந்து “இதில் தேடலாமா” என்று கேட்பவர்கள் உண்டு. மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் தடயம் தேடலாம், தப்பில்லை. ஆனால் அங்கே எது எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் வளர்க்க முடியாது. முதல் தடவைக்கு உங்கள் பல்லே போதும்.

முதல் படி, மாதிரி. முந்தின ராத்திரி பல் தேய்க்காதீர்கள். காலையில் எதுவும் சாப்பிடாமல், குறிப்பாகத் தட்டுவடை செட்டை முடித்துவிட்டு வராமல் (கேரட், பீட்ரூட் துருவல் ஃபில்டரை அடைத்துவிடும், கேட்காதீர்கள் எப்படித் தெரியும் என்று), ஈறு ஓரத்தில் படிந்திருக்கும் வெள்ளை மாவைச் சுத்திகரித்த குச்சியால் சுரண்டி உப்புநீரில் கரையுங்கள்.

இரண்டாவது, ஓம்புயிர். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். டிஎம்7எக்ஸ் கண்ட பாக்டீரியாமேலும் ஏறாது, ஆக்டினோமைசிஸ் கூட்டத்தில் சில ரகங்கள்தான் அதற்கு ஒத்துவரும். அதன் ஓம்புயிரான ஒடோன்டோலிட்டிகா என்ற பாக்டீரியா ரத்த அகாரில் (ரத்தம் கலந்த கெட்டியான வளர்ப்பு ஊடகம்) சில நாள் கழித்துச் செம்பழுப்பாக நிறம் மாறும். உங்கள் மாதிரியிலிருந்தே அப்படிப்பட்ட புள்ளிகள் (காலனிகள்) நாலைந்தைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஏமாற்றினாலும் இன்னொன்று கைகொடுக்கலாம்.

மூன்றாவது, வடிகட்டல். கரைசலைச் சென்ட்ரிஃப்யூஜில் குறைந்த வேகத்தில் சுழற்றி, கசடு அடியில் தங்கியதும் மேல்நீரை மட்டும் சிரிஞ்சில் இழுத்து 0.45 ஃபில்டர் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். பிஸ்டன் இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள், சவ்வு கிழிந்துவிடும், ஃபில்டரை மாற்றுங்கள். இறங்கிய நீரில் ஒரு சொட்டைத் தனியாக ரத்த அகாரில் வைத்துப் பாருங்கள். அதில் புள்ளிகள் முளைத்தால் பெரிய பாக்டீரியாவும் தப்பி வந்துவிட்டது, திரும்ப வடிகட்ட வேண்டும். ஒன்றுமே முளைக்காவிட்டால் நல்ல சேதி. நம் ஆள் ஓம்புயிர் இல்லாமல் முளைக்கவே மாட்டான்.

நான்காவது படிக்குப் பொறுமை வேண்டும். வடிநீரை ஓம்புயிர் வளர்ப்பில் கலந்து 37 டிகிரியில், ஆக்சிஜன் குறைவாக, கொஞ்சம் கார்பன்டைஆக்சைடோடு வையுங்கள். மெழுகுவர்த்தி ஜாடி கார்பன்டைஆக்சைடு கொடுக்கும், ஆக்சிஜனைப் பெரிதாகக் குறைக்காது, அதனால் ஜாடிக்குள் ஆக்சிஜனைக் குறைக்கும் வாயுப் பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். தினமும் அரை மில்லியை எடுத்து நாலரை மில்லி புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வடிநீர் சேர்க்காத ஓம்புயிரையும் பக்கத்திலேயே அதே மாதிரி மாற்றிக்கொண்டு வாருங்கள். டிஎம்7எக்ஸ் ஒட்டியிருந்தால் சில நாளில் கலங்கல் குறைந்து குழாய் தெளிந்துவிடும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடத் தோன்றும். போடாதீர்கள்! ஓம்புயிர் கொத்துக்கொத்தாகச் சாகும் கட்டம் அது. தப்பிப் பிழைத்தவை மாற்றம் அடைந்து, தாக்குதலைத் தாங்கப் பழகி, அடுத்தடுத்த மாற்றல்களில் கலங்கல் திரும்ப ஏறும். பிறகு இரண்டும் சேர்ந்தே நிலையாக ஓடும். 2018-இல் வெளியான ஆய்வில் பார்த்தது இதைத்தான்.

அப்புறம் நுண்ணோக்கி. 200 நானோமீட்டர் என்பது ஒளி நுண்ணோக்கியின் எல்லை, உருவம் தெரியாது, 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் குச்சி வடிவ ஓம்புயிர்மேல் மிளகு ஒட்டினாற்போலப் புள்ளிதான் தெரியும். பாக்டீரியாவைப் பார்க்கப் போடும் கிராம் சாயத்தின் தூசியும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும், சாயத்தை வடிகட்டாமல் பார்த்துவிட்டு நான் ஒரு வாரம் சந்தோஷப்பட்டிருக்கிறேன். சாயம் போடாமல் ஈரச் சொட்டில் பாருங்கள். குச்சி நகரும்போது புள்ளியும் கூடவே போனால் ஒட்டியிருக்கிறது, தானாகத் துள்ளினால் வெறும் தூசியாக இருக்கலாம். உறுதி வேண்டுமென்றால் டிஎம்7-க்கான 16எஸ் பிரைமரை (அதன் அடையாள மரபணுவை மட்டும் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்து பிசிஆர் போட்டே ஆக வேண்டும்.

ஒட்டுண்ணிதானா, வேறு ஏதாவதா என்று கேட்டால், எனக்கு அந்தச் சொல்லில் முழுத் திருப்தி இல்லை. டிஎம்7எக்ஸ் ஏறிய ஓம்புயிரை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களால் முன்போலக் கொல்ல முடிவதில்லை என்று 2024-இல் காட்டியிருக்கிறார்கள். ஆளைச் சுரண்டிக்கொண்டே வாசலில் காவலுக்கும் நிற்கும் வாடகைக்காரன்.

கடைசியாக, கலப்பு வளர்ப்பைக் கிளிசராலோடு மைனஸ் 80 டிகிரியில் எடுத்து வையுங்கள். டிஎம்7எக்ஸ் பார்க்காத ஆரம்ப ஓம்புயிரைத் தனிக் குழாயில், தனிப் பெயர் எழுதி வையுங்கள். பழகிப்போன ஓம்புயிரை வைத்து அடுத்த தடவை ஆரம்பித்தால் குழாய் தெளியும் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே முடியாது.