குளத்து விராலுக்குத் தகடு சுழலும் ஸ்பின்னர் செய்யும் முறை

வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்னும் பெருமீனைப் பிடிப்பதற்காகச் செய்யப்படும் பக்டெயில் ஸ்பின்னர் என்னும் செயற்கை இரையை, நம் திருநெல்வேலிப் பக்கத்துக் குளத்து விராலுக்கு ஏற்ற அளவில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஓர் எஃகுக் கம்பி, அதைச் சுற்றிச் சுழலும் ஒரு பித்தளைத் தகடு, பாரத்துக்குச் சில மணிகள், முடி கட்டிய ஒரு தூண்டில் முள் ஆகியவையே அதன் உறுப்புகள். மஸ்கி ஒரு மீட்டருக்கு மேல் வளரும் வேட்டை மீன். விஸ்கான்சின் மாநிலம் 1955இல் அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. அதற்கென விற்கப்படும் ஸ்பின்னர்கள் அளவில் பெரியவை. பெரும்பாலும் மும்முனை முள் தாங்கியவை. ஆழமும் அகலமும் கொண்ட ஏரியில் அவை நன்றாக ஓடும். மானூர்ப் பக்கமோ விஜயநாராயணம் பக்கமோ ஆம்பலும் கோரையும் மண்டிய குளத்தில் எறிந்தால், முதல் எறியிலேயே கொடியில் சிக்கிக்கொள்ளும்.

கடைகளில் கிடைக்கும் சிறிய ஸ்பின்னர்களும் முழுமையாகப் பொருந்துவதில்லை. அவற்றில் பல, தெளிந்த ஓடைகளில் வாழும் மென்வாய் மீன்களை எண்ணிச் செய்யப்பட்டவை; விராலின் கடினமான தாடையில் அவற்றின் மெல்லிய முள் நிமிர்ந்துவிடும். ஆகவே நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வது நல்லது. செய்யத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். நம் குளங்களில் ஆம்பல் திட்டுகளுக்கு நடுவே விராலுக்கு முன்னால் கிடைக்கும் திறந்த நீர் 2 அல்லது 3 மீட்டர்தான். அந்த இடைவெளியைக் கடப்பதற்குள் தகடு சுழலத் தொடங்கிவிட வேண்டும். இழுக்கத் தொடங்கி ஒரு மீட்டர் போன பிறகு சோம்பலாகச் சுழலும் தகடு, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இங்கே பயன்படாது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவை.

முதலில் தகட்டின் வடிவம். வட்டமான தகடு கம்பியிலிருந்து நன்கு விலகி நின்று, மெதுவான இழுப்பிலேயே சுழன்று, நீரில் கனத்த அதிர்வை உண்டாக்கும். வேப்பிலை போல் ஒடுங்கிய தகடு கம்பியை ஒட்டி வேகமாகச் சுழலும். ஆனால் அது கிளம்புவதற்கே வேகமான இழுப்பு வேண்டும். விரால் கண்ணால் மட்டும் இரை தேடுவதில்லை. உடலின் பக்கக்கோட்டு உணர்வால் நீரின் அதிர்வையும் அறிகிறது. கார்த்திகை மழையில் குளம் கலங்கிக் கிடக்கும்போது அந்த அதிர்வுதான் அதற்கு வழிகாட்டி. எனவே முட்டை வடிவத்தை, அதிலும் வட்டத்துக்கு நெருக்கமான அகன்ற முட்டை வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன்.

தகட்டுக்கு 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைத் தகடு போதும். திருநெல்வேலி டவுனில் ரதவீதிகளை ஒட்டிய பாத்திரக் கடைகளில் பழைய பித்தளைத் தட்டு ஒன்று எடைக்குக் கிடைத்தால், அதிலிருந்து பல தகடுகள் வெட்டிக்கொள்ளலாம். தடித்த அட்டையில் 30 மில்லிமீட்டர் நீளமும் 21 மில்லிமீட்டர் அகலமும் உள்ள முட்டை வடிவத்தை வரைந்து, நீளவாக்கில் மடித்து வெட்டினால் இரு பக்கமும் சமமாக அமையும். இந்தச் சமநிலை முக்கியமானது. ஒரு பக்கம் கனத்த தகடு சுழலும்போது தடுமாறும். அட்டையைப் பித்தளையின் மேல் வைத்து ஆணி முனையால் கோடு கீறி, தகரம் வெட்டும் கத்தரியால் கோட்டுக்கு வெளியே சற்று விட்டு வெட்ட வேண்டும். மிச்சத்தை அரத்தால் ராவி எடுக்கலாம். ஓரம் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து மழுக்குவதைத் தவிர்க்கக் கூடாது. கூரிய ஓரம் விரலையும் கிழிக்கும், தூண்டில் நரம்பையும் அறுக்கும்.

குறுகிய முனையிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, சரியாக நடுக்கோட்டில், பின்னால் சொல்லும் கொக்கியின் பட்டை நுழையும் அளவுக்குத் துளை போட வேண்டும். பிறகு குழிவு கொடுக்க வேண்டும். கறிக்கடையில் கறி வெட்டப் பயன்படுத்தும் வகைப் புளியமரக் கட்டைத் துண்டு ஒன்றில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்று அகலமாகவும் 4 மில்லிமீட்டர் ஆழமாகவும் ஒரு பள்ளம் குடைந்துகொண்டால், அதுவே அச்சு. தகட்டை அடுப்புத் தீயில் மங்கலாகச் சிவக்கும் அளவுக்குக் காய்ச்சி ஆறவிட்டால் பித்தளை இளகும். காய்ச்சாமல் அடித்தால் ஓரத்தில் வெடிப்பு விடும். ஆறிய தகட்டைப் பள்ளத்தின் மேல் வைத்து, உருண்டை முனைச் சுத்தியலால் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறு சிறு அடிகளாக அடித்து வர வேண்டும். ஓர் அடி பலமாக விழுந்தால் அங்கே ஒரு முகடு நிற்கும். அது சுழற்சியைக் கெடுக்கும். நடுவில் 3 மில்லிமீட்டர் ஆழம் வந்தால் நிறுத்திவிடலாம். குழிவு கூடக் கூடத் தகடு நீரை அதிகம் பிடித்துக் கனமாகச் சுழலும். குறைந்தால் இலேசாகவும் வேகமாகவும் சுழலும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, உலர்ந்ததும் நிறமற்ற நகப்பூச்சு ஒரு கோட்டு கொடுத்தால் சில வாரங்களுக்குக் கறுக்காது. தெளிந்த நீருக்கு வெள்ளி நிறம் வேண்டுமென்றால், பழைய எவர்சில்வர் கரண்டியின் முகத்தை வெட்டி இதே அளவுக்கு ராவிக்கொள்ளலாம். அதில் குழிவு ஏற்கெனவே இருக்கும்.

தகட்டைக் கம்பியில் தாங்கி நிற்கும் கொக்கிதான் பலர் கவனிக்காமல் விடும் உறுப்பு. 4 மில்லிமீட்டர் அகலமும் 18 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பித்தளைப் பட்டையின் இரு முனைகளிலும் 1.5 மில்லிமீட்டர் துளை போட்டு, அதைத் தகட்டின் துளையில் நுழைத்து, 3 மில்லிமீட்டர் ஆணியைச் சுற்றி லாடம் போல் வளைக்க வேண்டும். கம்பி இரு முனைத் துளைகளின் வழியே செல்லும்; தகடு வளைவில் தொங்கும். துளையின் உட்புறத்தில் பிசிறு இருந்தால் கம்பியைக் கவ்விக்கொண்டு சுழலாமல் நிற்கும். ஆகவே உப்புத்தாளை ஊசி போல் உருட்டித் துளைக்குள் விட்டு, வழுவழுவென்று ஆகும்வரை திருகி எடுக்க வேண்டும். அரைமணி நேரம் இதற்குச் செலவானாலும் வீண் இல்லை.

கம்பிக்கு 20 கேஜ் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது, விராலுக்குப் போதும். ஆற்று வாளை வரக்கூடிய இடமென்றால் 18 கேஜ் எடுக்கலாம். சைக்கிள் சக்கரக் கம்பியை எடுக்கச் சொல்வோர் உண்டு. அது 2 மில்லிமீட்டர் வரை தடித்தது, கண்ணி வளைப்பது கடினம், கொக்கியின் துளையும் பெரிதாக வேண்டும். 20 சென்டிமீட்டர் கம்பி எடுத்து, நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் உருண்டை மூக்குக் குறடால் ஒரு முனையில் 4 மில்லிமீட்டர் கண்ணி வளைத்து, மிஞ்சிய வாலைத் தண்டின்மேல் மூன்று நெருக்கமான சுற்றாகச் சுற்றி வெட்டிவிட வேண்டும்.

இனிக் கோக்கும் வரிசை. மேல் கண்ணிக்குக் கீழே 3 மில்லிமீட்டர் சிறுமணி ஒன்று, அதற்குக் கீழே தகட்டோடு கொக்கி, அதற்கும் கீழே 5 மில்லிமீட்டர் உருண்டை மணி ஒன்று. தகட்டின் குழிந்த பக்கம் கம்பியைப் பார்த்திருக்க வேண்டும்; மாற்றிக் கோத்தால் எவ்வளவு இழுத்தாலும் ஒழுங்காகச் சுழலாது. இழுக்கும்போது நீரின் அழுத்தம் கொக்கியைப் பின்னோக்கித் தள்ளி இந்த 5 மில்லிமீட்டர் மணியின் மேல் உட்கார்த்தும். கொக்கி அந்த மணியின்மேல் உராய்ந்துதான் சுழல்கிறது. ஆதலால் அது கண்ணாடி மணியாகவோ பித்தளை மணியாகவோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மணி சில நாள்களில் பள்ளம் விழுந்து தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அதன் பின்னே பாரம் வரும். பலரும் துளையிட்ட ஈயக்குண்டைக் கோப்பார்கள். ஈயத்தை உருக்கி வார்ப்பது புகையினால் உடலுக்குக் கேடு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைச் செய்யவே கூடாது. பித்தளை மணிகளை அடுக்கினாலே எறிவதற்கு வேண்டிய பாரம் கிடைத்துவிடும். முழு ஸ்பின்னரும் 12 முதல் 15 கிராம் இருந்தால் கரையிலிருந்து வசதியாக எறியலாம்.

பார அடுக்கின் நீளத்தைத் தகட்டோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தகடு கீழே தொங்கும்போது அதன் அடிமுனை கடைசி மணிக்கு மேலேயே நிற்க வேண்டும். முடிவரை நீண்டால் சுழலும்போது முடியில் மாட்டித் தடைபடும். 30 மில்லிமீட்டர் தகட்டுக்கு 35 மில்லிமீட்டர் அடுக்கு சரியாக இருக்கும். அடுக்கு முடிந்ததும், கொக்கி மேலும் கீழும் 2 மில்லிமீட்டர் நகரும்படி இடம் விட்டு, கீழ்க்கண்ணியை வளைத்து, அதில் முள்ளை மாட்டிய பிறகு வாலைச் சுற்றி முடிக்கலாம்.

முள்ளுக்கு முடி கட்டும் வேலையை, மாட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அமெரிக்காவில் வெள்ளைவால் மானின் வால் முடியைக் கட்டுவார்கள். ஸ்பின்னர் செய்யும் மெப்ஸ் நிறுவனம் அணில் வால் முடியைக்கூடப் பயன்படுத்துகிறது. நம் நாட்டில் புள்ளிமான், மிளா ஆகியவற்றின் எந்த உறுப்பையும் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். களக்காடு முண்டந்துறைக் காட்டோரம் கிடந்தது என்று யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்கக் கூடாது. அதற்கு இணையான முடி நம் ஆடுகளிடமே இருக்கிறது. வெள்ளாட்டுக் கிடாவின் தாடியிலும் வாலிலும் வளரும் முடி நீரில் இழைந்து அசைவது, என் கண்ணுக்கு மான்முடியைவிட உயிரோட்டமாகத் தெரிகிறது. கறுப்புக்குக் கன்னி ஆடு, வெள்ளைக்குக் கொடி ஆடு என இரண்டும் நம் வட்டாரத்து இனங்களே. கறிக்கடையில் சொல்லிவைத்தால் எடுத்துத் தருவார்கள். 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த முடி உதவாது. சீயக்காய்த் தூளால் அலசிக் கொழுப்பைப் போக்கி நிழலில் உலர்த்த வேண்டும்.

ஒற்றை முள், 2/0 அளவு, நீண்ட தண்டு உள்ளது நல்லது. தீக்குச்சித் தடிமனில் ஒரு கற்றை முடியை வெட்டி எடுத்து, நுனிப்பக்கத்தை இரு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கத்தை ஈர்வலியால் வார வேண்டும். பஞ்சு போன்ற குட்டை முடி கொத்தாக உதிரும். அதை விட்டுவைத்தால் நீரை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். மிஞ்சிய நீளமுடியைப் பேனா மூடிக்குள் நுனி கீழாகப் போட்டு மேசையில் மெல்லத் தட்டினால் நுனிகள் ஒரே மட்டத்துக்கு வரும். முள் தண்டில் கண்ணை ஒட்டி நைலான் நூலைப் பத்துச் சுற்று சுற்றி, அதன்மேல் கற்றையை வைத்து, முதல் இரு சுற்றைத் தளர்வாகவும் அடுத்தவற்றை இறுக்கமாகவும் போட வேண்டும். தொடக்கத்திலேயே இறுக்கினால் முடி தண்டைச் சுற்றி உருண்டு ஒரு பக்கமாகச் சேரும். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கங்களுக்கு ஒவ்வொன்று என நான்கு கற்றை போதும். அடிமுடியைச் சாய்வாக வெட்டி, நூலால் மூடி, முடிச்சிட்டு, நகப்பூச்சு இருமுறை பூச வேண்டும். முடி முள்ளின் வளைவைத் தாண்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் விரால் முடியின் நுனியை மட்டும் கடித்து விட்டுவிடும். அடர்த்தி கூடினால் இரை நீரின் மேல்மட்டத்துக்கு ஏறி ஓடும். இதே கட்டில், மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை முள் முனைவரை நீட்டிக் கட்டினால் பாசி மாட்டுவது வெகுவாகக் குறையும்.

பம்புசெட் தொட்டியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு முழ நரம்பில் கட்டி, தொட்டியின் ஓரமாக மெதுவாக நடந்தபடி இழுத்தால், கைநீளம் போவதற்குள் தகடு விரிந்து சுழல வேண்டும். சுழலாவிட்டால் முதலில் கொக்கியின் துளையையும், பிறகு மணிக்கும் கொக்கிக்கும் இடையே உள்ள இடைவெளியையும், கடைசியாகத் தகட்டின் குழிவையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் குறை முதல் இடத்திலேயே இருக்கும். நரம்பு முறுக்கேறாமல் இருக்க, இரைக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் ஸ்விவல் என்னும் சுழல் வளையம் ஒன்று கட்டுவது கட்டாயம்.

குளத்தில் இறங்குமுன் மீன்பாசி, அதாவது மீன்பிடிக் குத்தகை எடுத்தவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்திலும், புலிகள் காப்பக எல்லைக்குள்ளும், பாபநாசம் கோயில் படித்துறையிலும் தூண்டில் போடக் கூடாது. தை, மாசியில் நீர் தெளிந்து இறங்கும் காலமே இந்த இரைக்கு ஏற்றது. விடியலிலும் அந்தியிலும், விரால் மூச்செடுக்க மேலே வந்து வளையம் எழுப்பும் இடத்துக்கு 2 மீட்டர் அப்பால் எறிந்து, இரை நீரைத் தொட்டதும் ரீலைச் சுற்றத் தொடங்கி, ஆம்பல் ஓரத்தை ஒட்டி இழுத்து வர வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் திரளாகக் கொப்பளிக்கும் இடத்தில் எறிவது தகாது. அங்கே காவல் நிற்கும் தாய்தந்தையைப் பிடித்தால் அந்தத் திரள் முழுவதும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

கொடியில் சிக்கிய ஸ்பின்னரை நரம்பை அறுத்து விட்டுவரக் கூடாது. அதே கரையில் மறுநாள் எருமை இறங்கும், பிள்ளைகள் குளிப்பார்கள். எனவே 20 ராத்தலுக்குக் குறையாமல் தாங்கும் பிரெய்டு என்னும் பின்னல் நரம்பைப் பயன்படுத்தி, கம்பை நேராக நீட்டிப் பின்னால் நடந்து இழுத்தால் கொடியோடு பிடுங்கிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முடியைச் சீப்பால் நீவி, தொங்கவிட்டு உலர்த்தி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு துண்டு கற்பூரத்தோடு டப்பாவில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்தால் முள் ஓரிரு நாளில் துருவேறும்.