பிக்கப் வண்டியில் டீசல் இன்ஜின் இறக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது?

வடசென்னையில் மாதவரம், மூலக்கடை, மணலி பக்கம் எந்த ஷெட்டில் கேட்டாலும் பிக்கப் வண்டி இன்ஜினை அரை நாளில் இறக்கித் தருகிறேன் என்பார்கள். உண்மைதான், இறக்கிவிடுவார்கள். கையைக் கடிப்பது அந்த அரை நாள் கூலி அல்ல, அவசரத்தில் கழற்றிப் போட்ட சின்னச் சாமான்கள்தான். லேத் வேலை முடிந்து திரும்ப ஏற்றும்போது ஒன்று உடைந்திருக்கும், ஒன்று காணாமல் போயிருக்கும், இன்னொன்று எங்கே மாட்டுவது என்றே தெரியாது.

முதல் தப்பு, இறக்கத் தேவையே இல்லாத இன்ஜினை இறக்குவது. பின்பக்க ஆயில் சீல் ஒழுகினால் பெரும்பாலும் கியர் பாக்ஸை இறக்கினாலே போதும். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் இன்ஜின் வண்டியிலேயே இருக்க ஹெட்டை மட்டும் கழற்றலாம். புகை தள்ளுகிறது என்றதும் இன்ஜெக்டரையும் டர்போவையும் பார்க்காமல் "போர் போயிடுச்சு", அதாவது சிலிண்டர் உட்சுவர் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதக் கூடாது. கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டி என்றால் தனிக் கவலை. பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்து அடிப்பக்க போல்ட்டுகளைத் துருவேற்றி இறுக்கி வைத்திருக்கும். ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி ஒரே மிதி மிதித்தால் மேனிஃபோல்டு ஸ்டட் முறியும். முறிந்ததைத் துளை போட்டு எடுப்பது தனி வேலை, தனிக் கூலி. முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி இளக்கித்தான் கழற்ற வேண்டும். டீசல் பைப் பக்கத்தில் இருந்தால் கேஸ் வைத்துச் சூடு காட்டவே கூடாது.

பேட்டரியில் நெகட்டிவ்தான் முதலில். அதைக் கழற்றாமல் பாசிட்டிவில் கை வைத்து, ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

காமன் ரயில் இன்ஜினில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்ஜினில், டீசல் லைன் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். தோலைத் துளைத்து உள்ளே போகிற வேகம் அது. அதனால் இன்ஜின் ஓடும்போது அந்த பைப் நட்டைத் தொடாதீர்கள். நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்க நேரம் கொடுங்கள். கழற்றிய பைப் வாயில் பனியன் வேஸ்ட்டைத் திணிப்பது நம்ம ஊர்ப் பழக்கம். அதில் ஒரு நூல் பிரிந்து உள்ளே போனாலே இன்ஜெக்டர் அடைக்கும். வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போனால் ஷெட்டுக்குள் எவ்வளவு புழுதி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் மூடி போடுங்கள். டர்போ வாய்க்கும் அப்படித்தான். உள்ளே விழுந்த சின்ன வாஷர் ஸ்டார்ட் செய்ததும் பிளேடைத் தின்றுவிடும்.

பழைய ஆயிலையும் கூலன்ட்டையும் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படிந்து மீனவர்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தெருநாய் நக்கினால் செத்துப்போகும்.

ஏசி உள்ள வண்டியில் கேஸ் ஹோஸைப் பிரிக்க வேண்டியதில்லை. கம்ப்ரஸர் போல்ட்டைக் கழற்றி, ஹோஸோடு ஓரமாகக் கட்டிவிட்டால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.

இனி தூக்குவது. தகர ஷெட் கூரையின் ஆங்கிள் தகரத்தைத் தாங்கப் போட்டது. 200 கிலோவைத் தாண்டும் இன்ஜினை அதில் செயின் பிளாக் மாட்டித் தொங்கவிடக் கூடாது. மூணு கால் ஸ்டாண்டு நல்லதுதான், ஆனால் ஆயில் சிந்திய சிமென்ட் தரையில் கால்கள் விரியும். மூன்றையும் கீழே சங்கிலியால் சேர்த்துக் கட்டுங்கள். இன்ஜினைத் தூக்கும் சங்கிலியின் நீளத்தில்தான் பலர் ஏமாறுவது. இரண்டு ஹூக்குக்கும் நடுவே குட்டையாக மாட்டினால் சங்கிலி படுத்துக்கொள்ளும். தரைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால் 250 கிலோ இன்ஜினுக்குச் சங்கிலியின் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 145 கிலோ இழுவை. 30 டிகிரிக்குப் படுத்தால் ஒவ்வொன்றிலும் 250. அதோடு ஹூக்குகளை உள்பக்கம் வேறு இழுக்கும். மேனிஃபோல்டிலோ ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டிலோ சங்கிலி கட்டவே வேண்டாம்; இன்ஜின் ஹூக்தான் அதற்கு.

கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன் அதற்குக் கீழே ஜாக்கி வேண்டும். இல்லையென்றால் அதன் கனம் முழுக்க கிளட்ச் ஷாஃப்ட்டில் விழும், கிளட்ச் பிளேட் கோணும். திரும்ப மாட்டும்போது இடைவெளி சேரவில்லையே என்று போல்ட்டை இறுக்கி இழுத்தால் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) காது உடையும். நேராக நின்றால் தானாக வந்து உட்காரும்.

எல்லாம் கழற்றியாகிவிட்டது என்று நினைத்ததும் ஒரு அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்த வேண்டும். எனக்குத் தெரிந்த மூலக்கடை மெக்கானிக் ஒருவர் இந்த இடத்தில் செயினைக் கட்டிவிட்டு டார்ச்சோடு குனிந்துவிடுவார்.

"அண்ணே, எல்லாம் பிரிச்சாச்சுண்ணே, தூக்கிடலாம்."

"எர்த் ஒயர் கழட்டுனியாடா?"

பையன் பேச்சில்லாமல் ஸ்பேனரைத் தேடுவான். இன்ஜினையும் சேஸியையும் இணைக்கும் அந்த எர்த் பட்டை, கிரீஸுக்குள் மறைந்திருக்கும் சென்சார் சாக்கெட், பின்பக்க ஹீட்டர் ஹோஸ் — மறப்பது எப்போதும் இவைதான். திரும்ப ஏற்றிய பிறகு எர்த் பட்டையை மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் கியர் கேபிள் வழியாக வழி தேடும், கேபிள் சூடாகிக் கருகும். கழற்றும் முன்பே செல்போனில் போட்டோ எடுத்து, சாக்கெட்டுக்கு டேப் ஒட்டி எண் போட்டுவிடுங்கள்.

இறக்கிய இன்ஜினை, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப் மேல் உட்காரவைக்காதீர்கள், பழைய டயர் மேல்கூட. தகடு நசுங்கி, ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரைனர் வாயை அடைத்தால் புது பேரிங்குக்கு ஆயில் ஏறாது. லேத்துக்கு அனுப்பும் முன் பிளாக்கில் குத்தியிருக்கும் இன்ஜின் எண்ணை ஆர்சியோடு ஒப்பிட்டுப் போட்டோ எடுங்கள். வேறு பிளாக் மாட்டினால் எண்ணும் மாறும், ஆர்டிஓ ஆபீஸில் எஃப்சிக்கு நிற்கும்போது கேள்வி வரும்.