காலநிலைத் திட்டம் எண்டு ஒண்டு வந்தா அத எப்பிடி எடை போடுறது?

வெள்ளத் தடுப்பு, சோலார், எலக்ட்ரிக் பஸ் எண்டு எந்தத் திட்ட அறிக்கை கையில கிடைச்சாலும் நாங்க நேரா மொத்தச் செலவத்தான் பார்க்கிறம். அதுக்கு முதல், இது செய்யாட்டி என்ன நடக்கும் எண்டு எழுதியிருக்கிற பக்கத்தத் தேடுங்கோ. போன வருசத்தோட ஒப்பிட்டிருந்தா நம்பாதேங்கோ, மழை குறைஞ்ச வருசத்தில வெள்ளவத்தைக் கால்வாயத் துப்பரவாக்காட்டியும் வீட்டுக்க தண்ணி வராது, அதையும் திட்டத்தின்ட கணக்கிலதான் போடுவினம்.

வாக்குறுதியையும் பிரிச்சுப் பாருங்கோ. 2021ல இலங்கை சொன்னது, வழமையாப் போனா வரக்கூடிய, பூமியச் சூடாக்கிற வாயு வெளியேற்றத்தில 2030க்குள்ள 14.5 வீதம் குறைப்பம் எண்டு. அதில 4 வீதம்தான் எங்கட சொந்த முயற்சி, மிச்சம் 10.5 வெளியில இருந்து உதவி வந்தாத்தான்.

இனி முக்கியமான இடம், டிஸ்கவுண்ட் ரேட், அதாவது கழிவு வீதம்: பிறகு வரப்போற காச இண்டைய பெறுமதிக்கு மாத்தேக்க வருசத்துக்கு எத்தின வீதம் குறைக்கிறது எண்டது. 30 வருசத்துக்குப் பிறகு வரப்போற 100 லட்ச ரூபா நட்டம் இண்டைக்கு எவ்வளவு பெறும்? கழிவு வீதம் 10 எண்டா, ஃபோன எடுத்து 1.1ஐ 30 தரம் பெருக்கி, வாற எண்ணால 100ஐப் பிரிச்சுப் பாருங்கோ, 5.7 லட்சம்தான். அதையே 3 வீதத்துக்கு, 1.03ல செய்தா 41 லட்சம். அதே வெள்ளம், அதே வீடு, 10 வீதம் போட்டா திட்டம் வீண் செலவு, 3 வீதம் போட்டா உடன செய்ய வேணும்! அந்த ஒரு நம்பர் பெரும்பாலும் பின்னிணைப்புக்குள்ளதான் கிடக்கும், தேடிப் பிடிச்சு மாத்திப் பாருங்கோ.

அடுத்தது, ஒரே ஒரு மழைக் கணக்க நம்பி எல்லாக் காசையும் போட்டிருக்கினமோ எண்டு பாக்கோணும். 2010 நவம்பரில பாராளுமன்றத்துக்கே தண்ணி போனது, அப்பிடி வரும் எண்டு ஆர் கணக்குப் போட்டது? பம்ப் காணாட்டி பிறகு இன்னொண்டு பூட்டலாம், கோட்டேயில பெத்தகானைப் பக்கம் இருக்கிற மாதிரிச் சதுப்பு நிலத்த மண் போட்டு மூடினா திருப்பி எடுக்கேலாது. கொழும்பு 2018ல ராம்சார் (ஈரநிலங்களப் பாதுகாக்கிற சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகரம் எண்டு பேர் எடுத்ததே இந்தச் சதுப்புகளாலதான். திரும்பி வர வழியில்லாத முடிவெண்டா இரண்டு மடங்கு கேள்வி கேளுங்கோ.

திட்டங்களுக்குப் புள்ளி போட்டு ஒப்பிட்ட அட்டவணை ஏதும் இருந்தா, ஒவ்வொரு விசயத்துக்கும் எவ்வளவு முக்கியத்துவம் எண்டு குடுத்திருக்கிற எண்ண எக்செல்ல கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் பாருங்கோ, கால்வாய்க் கரையில இருந்து எழுப்பப்படுற குடும்பங்களுக்கு ஒரு வரியாவது இருக்கோ எண்டும் பாருங்கோ. சின்ன மாற்றத்திலயே முதலிடம் மாறினா, அந்தத் திட்டத்த முதலே தெரிவு செய்துபோட்டுத்தான் அட்டவணை போட்டிருப்பினம்.