மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் சிகிச்சை: பாதுகாப்பாகத் தொடங்குவது எப்படி?

ஈஸ்ட்ரோஜன் போன்ற பெண் ஹார்மோன்களை மருந்தாகத் தரும் இந்தச் சிகிச்சை மார்பகப் புற்றுநோயைத் தரும் என்ற பயம் பெரும்பாலும் 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரையால் கூடிய மார்பகப் புற்றுநோய், ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 8. அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குபவர்களுக்குப் பொதுவாக நன்மையே மிகுதி.

முதலில் விலக்கவேண்டியவர்கள்: மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கடும் கல்லீரல் நோயுள்ளவர்கள். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் அதைக் கண்டறியாமல் தொடங்கவே கூடாது.

கருப்பை இருக்கிறதா? இருந்தால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுப்பது ஆபத்து; கருப்பை உட்சவ்வு தடித்துப் புற்றுநோயாகலாம். அதனால் புரோஜெஸ்ட்ரோன் சேர வேண்டும்: தினமும் 100 மி.கி., அல்லது மாதத்தில் 12 நாள் 200 மி.கி. தூக்கம் வரவழைக்கும்; படுக்கும்முன் விழுங்குங்கள். பலர் 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு.

ரத்த உறைவு அபாயம் இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டையோ ஜெல்லோ நல்லது. மருந்து முதலில் கல்லீரலுக்குப் போகாது. பட்டையை அடிவயிற்றிலோ பிட்டத்திலோ, இடம் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். மார்பில் வேண்டாம். ஜெல் காய்ந்தபின் உடை அணியுங்கள்; குழந்தைகள் மேல் படக்கூடாது.

பிறப்புறுப்பு வறட்சி மட்டும்தான் தொல்லையென்றால் அங்கே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமே போதும்.

மூன்று மாதத்தில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு ஆண்டுதோறும். தொடக்கத்தில் லேசான கசிவு சகஜம். ஆறு மாதத்துக்குப் பிறகும் நீடித்தால் பரிசோதனை தேவை. ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.