உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு நியூயார்க்கில் ஒரு சட்ட வழி

அண்ணன் மகனோ தங்கை மகளோ பெற்றோர் இல்லாமல் அமெரிக்கா வந்து உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். 21-ஆம் பிறந்தநாளுக்கு முன்பே நீதிமன்ற உத்தரவு வாங்கி, குடியேற்றத் துறைக்கு மனுவும் போட்டுவிட வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பிறந்தநாள் கடந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

வக்கீல்கள் இதை எஸ்.ஐ.ஜே. (ஸ்பெஷல் இமிகிரன்ட் ஜுவனைல்) என்பார்கள். பிள்ளை கிரீன் கார்டு பெற இது ஒரு வழி. பெற்றோர் கைவிட்ட, புறக்கணித்த, கொடுமைப்படுத்திய பிள்ளைகளுக்காக 1990-ல் வந்த சட்டம். இருவரும் கைவிட்டிருக்க வேண்டியதில்லை, ஒருவர் கைவிட்டிருந்தாலே போதும் என்று 2008-ல் விரிவாக்கினார்கள். அம்மா ஊரில் அன்பாக இருந்தாலும், அப்பா விட்டுப்போன பிள்ளைக்கு வழி உண்டு. பிள்ளை அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது.

வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலில் குடும்ப நீதிமன்றம். நீங்கள் பாதுகாவலராக மனுச் செய்கிறீர்கள். நியூயார்க்கில் 18 தாண்டிய பிள்ளைக்கும் அதன் சம்மதத்தோடு 21 வரை பாதுகாவலரை நியமிக்கலாம். பல மாநிலங்களில் 18-லேயே முடிந்துவிடும், வேறு மாநிலத்துக்கு மாறும் முன் இதை யோசியுங்கள். கைவிட்ட பெற்றோரோடு (ஒருவரானாலும்) மீண்டும் சேர்ந்து வாழ வழியில்லை, சொந்த நாட்டுக்குத் திரும்புவது பிள்ளைக்கு நல்லதல்ல என்று நீதிபதி தனி உத்தரவு எழுதுவார். அப்புறம் அந்த உத்தரவோடு குடியேற்றத் துறைக்கு ஐ-360 மனு போகும். நீதிபதி விசா கொடுப்பதில்லை. குடியேற்ற அதிகாரி பெற்றோரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒன்று இல்லாமல் மற்றது நகராது.

வக்கீல் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நாடு கடத்தல் வழக்கு நடக்கும் குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை பிள்ளைக்கும் கிடையாது. பத்து வயதுக் குழந்தை நீதிபதி முன் தனியாக நிற்பது இந்த நாட்டில் நடக்கிறது. அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். குடும்ப நீதிமன்றம் பிள்ளைக்கு வக்கீல் நியமித்தால்கூட அவர் குடியேற்ற வழக்கையும் பார்ப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: “குடும்ப நீதிமன்றம், ஐ-360, நாடு கடத்தல் வழக்கு, மூன்றையும் நீங்களே பார்ப்பீர்களா?” கிண்ட், தி டோர், சேஃப் பாசேஜ் புராஜெக்ட், லீகல் எய்ட் சொசைட்டி போன்ற அமைப்புகள் இலவசமாக எடுத்து நடத்துகின்றன. இடம் கிடைப்பது கடினம், ஒன்றில் இல்லையென்றால் அடுத்ததைக் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தரும் ஏஜென்டை மட்டும் நம்பாதீர்கள்.

பிள்ளையின் வக்கீல் உங்களை வெளியே உட்காரச் சொன்னால் கோபப்படாதீர்கள். கேள்வி பிள்ளையிடம் போனால் மாமாவோ சித்தியோ பதில் சொல்வது நம் வழக்கம். அடித்ததையும் பட்டினி கிடந்ததையும் பெரியவர்கள் முன் எந்தப் பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லாது.

“அப்பா எங்களை விட்டுட்டார்” என்று சொன்னால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். ரேங்க் கார்டில் ஒவ்வொரு பருவமும் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள். பாட்டியின் கைநாட்டே வருஷக்கணக்காக இருந்தால் அது வலுவான தாள். பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவமனைச் சீட்டு, யாழ்ப்பாணப் பக்கமென்றால் கிராம சேவகர் கடிதம், பக்கத்து வீட்டுக்காரரின் சத்தியக் கடதாசி எல்லாம் உதவும். பெற்றோர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ். அந்தக் காரணத்தையும் நியூயார்க் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. தமிழில் உள்ளவற்றை மொழிபெயர்த்துச் சான்றளிக்க வேண்டும்.

ஊரிலிருக்கும் தகப்பனுக்கும் நோட்டீஸ் போக வேண்டும். “அவருக்குத் தெரிந்தால் சண்டை வரும்” என்று முகவரியை மறைத்தால் வழக்குதான் இழுபடும். பயமிருந்தால் வக்கீலிடம் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களின் கைரேகை, பின்னணி விசாரணையும் வரலாம். யாருக்காவது காகிதம் சரியில்லை, பழைய வழக்கு இருக்கிறது என்றால் மனுப் போடும் முன்பே வக்கீலுக்குத் தெரிய வேண்டும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். தமிழ் என்பதோடு, ஈழத் தமிழா தமிழ்நாட்டுத் தமிழா என்றும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எது கிடைக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். இந்த வழியில் கிரீன் கார்டு பெற்ற பிள்ளை, பின்னாளில் குடிமகனானாலும், பெற்றோருக்கு விண்ணப்பிக்க முடியாது. கைவிடாத தாய்க்கும் அப்படித்தான். அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐ-360 ஏற்கப்பட்ட பிறகும் கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கில் வரிசை. காத்திருப்போரை நாடு கடத்தாமல் விட 2022-ல் கொடுத்த பாதுகாப்பை 2025 ஜூனில் அரசு நிறுத்தியது, அது நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. இன்றைய நிலையை வக்கீலிடமே கேளுங்கள். அதனால் அடைக்கல மனுவுக்கும் தகுதி இருந்தால் அதையும் சேர்த்தே போடுவது நல்லது.

வீடு மாறினால் குடியேற்ற நீதிமன்றத்துக்கு 5 நாளுக்குள், குடியேற்றத் துறைக்கு 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இரண்டுக்கும் படிவம் வேறு வேறு. கடிதம் பழைய முகவரிக்குப் போய், விசாரணைத் தேதியில் பிள்ளை வராவிட்டால், ஆள் இல்லாமலேயே நாடு கடத்தும் உத்தரவு போட்டுவிடுவார்கள்.