பொலிஸ் வந்துபோன பிறகு: ரொறன்ரோவில் யாரிடம் உதவி கேட்பது?

பக்கத்து வீட்டுச் சமையலறையில் ஓர் இரவு கண்டதை என்னால் மறக்க முடியவில்லை. அடிபட்ட தாய் கதிரையில் இருந்தார். அவருக்கும் பொலிசாருக்கும் நடுவே நின்று பத்து வயது மகள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா எத்தனை தரம் அடித்தார்?" என்பதை அம்மாவிடம் கேட்கும்போது பிள்ளைக்குக் குரல் அடைத்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் பாதி வாக்குமூலம் முடிந்திருந்தது.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். சொந்தக்காரரும் வேண்டாம், அவருக்கும் ஒரு பக்கம் இருக்கும். 911ஐ அழைத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள். வீட்டுக்கு வரும் பொலிசாரிடமும் கேளுங்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கனடிய உரிமைச் சாசனத்தின் 14ஆம் பிரிவு தரும் உரிமை. யாரும் செய்யும் தயவு அல்ல.

பொலிசார் போன பிறகு வீடு திடீரென்று அமைதியாகிவிடும். பயம் பிடிப்பது அப்போதுதான். அந்த நேரத்துக்கென்றே, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் 'விக்டிம் சேர்விசஸ் ரொறன்ரோ' 24 மணி நேரமும் இயங்குகிறது: 416-808-7066. கட்டணம் இல்லை. பாதுகாப்பாகத் தங்க இடம், கதவுப் பூட்டு மாற்றுவது போன்ற அவசரத் தேவைகளுக்கு வழி காட்டுவார்கள்.

"கேஸை வாபஸ் வாங்கிவிடு" என்று மாமியும் சித்தப்பாவும் தொலைபேசியில் கெஞ்சுவார்கள். இங்கே அது உங்கள் கையில் இல்லை. வழக்கை நடத்துவது அரசு. தொடர்வதா விடுவதா என்று முடிவெடுப்பவர் அரச வழக்கறிஞர். அவர் உங்களுடைய வழக்கறிஞரும் அல்ல. சாட்சியை மிரட்டி வாயடைக்கப் பார்ப்பது தனிக் குற்றம் என்பதை அழைப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

"கணவனை விட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டப்பட்ட பெண்கள் நம்மிடையே எத்தனையோ பேர். கணவனோ மனைவியோ பொறுப்பேற்று அழைக்க (ஸ்பொன்சரில்) வந்தவர் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2017 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டது. நிரந்தர வதிவுரிமை கையில் இருந்தால், பிரிந்து போனதற்காக அது பறிபோகாது. விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர்கள் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை உடனே பாருங்கள்.

வழக்குப் பதிவானதும் நீதிமன்றத்தில் 'விக்டிம் விட்னஸ் அசிஸ்டன்ஸ் புரோகிராம்' (பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் உதவும் திட்டம்) என்று கேளுங்கள். பிணை நிபந்தனைகள் என்ன, அடுத்த தவணை எப்போது, சாட்சிக் கூண்டில் என்ன நடக்கும் என்றெல்லாம் விளக்குவார்கள். 18 வயதுக்குட்பட்ட சாட்சிகள் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரைக்குப் பின்னாலிருந்தோ, வேறு அறையிலிருந்து கமெரா வழியாகவோ பேசலாம். துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். இதை முன்கூட்டியே அரச வழக்கறிஞரிடம் கேட்டுவையுங்கள்.

நம் பிள்ளையே பிடிபட்டால்? 2003இல் நடைமுறைக்கு வந்த இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம் 12 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கானது. சிறு குற்றமென்றால் நீதிமன்றத்துக்குப் போகாமலே எச்சரிக்கையோடோ சமூகத் திட்டமொன்றிலோ முடியலாம். பெயரைப் பத்திரிகையில் போடப் பொதுவாகத் தடை உண்டு. பெற்றோர் பதறிப்போய், "நடந்ததை எல்லாம் சொல்லிவிடு" என்று பொலிசார் முன்னால் அதட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். வாக்குமூலம் கொடுக்கும் முன் வழக்கறிஞரோடும் பெற்றோரோடும் பேசவும், அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால், சட்ட உதவி தரும் லீகல் எய்ட் ஒன்ராறியோவைக் கேளுங்கள்.